பிள்ளைகளை ஒப்படைத்த பிறகு

கேள்வி:

வணக்கம் அம்மா. ஏற்காட்டுக்கு மேலே ஒரு சின்ன ஊரில் இருக்கிறோம். நாங்கள் மலையாளி என்ற பழங்குடி இனம். வீட்டுக்காரரும் நானும் எஸ்டேட்டில் கூலி வேலைக்குப் போகிறோம். எங்களுக்கு ஒரு பெண், மூன்றாவது படிக்கிறாள்.

என் நாத்தனார் நாலு வருடத்துக்கு முன்னால் காய்ச்சலில் இறந்துபோனார். அவர் புருஷன் மிளகு பறிக்கக் கேரளா போனவர் திரும்பி வரவே இல்லை. பிள்ளைகள் இரண்டு பேரையும் கீழே குழந்தைகள் இல்லத்தில் சேர்த்தார்கள். பெண் ஒரு இல்லத்தில், பையன் வேறு இல்லத்தில். போன வருடம் எங்களைக் கூப்பிட்டு, "தாய்மாமன் நீங்க இருக்கும்போது பிள்ளைங்க ஏன் இங்கே இருக்கணும்" என்று சொல்லிக் கையெழுத்து வாங்கி ஒப்படைத்துவிட்டார்கள். இப்போது பெண்ணுக்கு 16 வயது, பையனுக்கு 11.

மாதாமாதம் பணம் வரும் என்றார்கள். முதலில் வரவே இல்லை, பிறகு கொஞ்சம் வந்தது, மறுபடி நின்றுவிட்டது. கேட்கப் போனால் ஒவ்வொரு தடவையும் புதிதாக ஒரு பேப்பர் கேட்கிறார்கள். கீழே இறங்கி ஏறினால் அன்றைய கூலி போச்சு. பையன் ராத்திரி படுக்கையை நனைக்கிறான். சோறு, பிஸ்கட் எல்லாம் எடுத்துப் பாய்க்கு அடியில் ஒளித்துவைக்கிறான், எறும்பு மொய்க்கிறது. பெண் வாயே திறப்பதில்லை, எந்நேரமும் போன். ஒரு தடவை பார்க்க வந்தவர்கள் எங்கள் முன்னாலேயே பிள்ளைகளிடம் "ஒழுங்காச் சோறு போடறாங்களா, அடிக்கிறாங்களா" என்று கேட்டார்கள். நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது. "திருப்பி விட்டுடலாம்" என்கிறார் வீட்டுக்காரர். சொந்தக்காரர்கள் சிலர், பெண்ணைக் கட்டிக்கொடுத்துவிட்டால் பாரம் குறையும் என்கிறார்கள்.

பிள்ளைகளைத் திருப்பி அனுப்பினால் பாவமா? எங்களைப் போன்றவர்களுக்கு இந்த ஆபீஸ்கள் என்னதான் செய்யும்?

ஒரு வாசகி, சேர்வராயன் மலை

பதில்:

பாவம் இல்லை அம்மா. அதை முதலில் மனத்திலிருந்து இறக்கி வையுங்கள். நாத்தனார் பிள்ளைகளுக்கும் சேர்த்து ஒரே அடுப்பில் பொங்கிப் போடுகிற ஒருத்தி, "என்னால் முடியவில்லை" என்று சொல்வதால் கெட்டவள் ஆகிவிட மாட்டாள். ஆனால் இப்போது அனுப்பாதீர்கள். உங்களால் முடியாது என்று நான் இன்னும் நம்பவில்லை. வர வேண்டிய உதவி ஒழுங்காக வராமலே இத்தனை மாதம் ஓட்டியிருக்கிறீர்கள். அது வந்து சேர்ந்த பிறகும் முடியவில்லை என்றால், அப்போது தலை நிமிர்ந்து போய்ச் சொல்லலாம்.

உங்கள் ஊர்ப் பெயரையும் இல்லங்களின் பெயரையும் கடிதத்திலிருந்து எடுத்துவிட்டேன். இப்படிப்பட்ட பிள்ளைகளை அடையாளம் காட்டும் எதையும் வெளியிடக் கூடாது என்கிறது 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், 74-ஆம் பிரிவு. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். ஊரிலும் இதைக் கொஞ்சம் கடைப்பிடியுங்கள். "ஹோம்ல இருந்து வந்த பையன்" என்று பள்ளிக்கூடத்தில் ஒரு பெயர் ஒட்டிவிட்டால் அது லேசில் போகாது.

நான் மனநல சமூகப் பணியாளர். பிள்ளையை இல்லத்தில் வைப்பதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று முடிவெடுக்கும் குழந்தைகள் நலக் குழுவில் சில காலம் உறுப்பினராகவும் இருந்தேன். உங்கள் கடிதத்துக்கான பதிலில் பாதி உங்களுக்கு. மீதி, இதைப் படிக்கப்போகும் என் துறைக்காரர்களுக்கு.

பிள்ளைகளை உங்களிடம் ஒப்படைத்த முடிவில் எனக்குக் குறை இல்லை. பிள்ளையை வளர்க்கும் முதல் பொறுப்பு குடும்பத்துக்கு, இல்லத்தில் சேர்ப்பது வேறு வழியே இல்லாதபோது மட்டும் என்று அந்தச் சட்டத்தின் 3-ஆம் பிரிவே சொல்கிறது. தாய்மாமன் வீடு இருக்கும்போது பிள்ளைகள் இல்லத்தில் வளர்வது சரியில்லை. என் குறை அதற்கு அடுத்த கட்டத்தில். இல்லத்தில் அந்த இரண்டு பிள்ளைகளுக்கும் சமைக்க ஒருவர், ராத்திரி பார்த்துக்கொள்ள ஒருவர், பள்ளிக்கு அனுப்ப ஒருவர், மனசு சரியில்லை என்றால் பேச ஆற்றுப்படுத்துநர், உடம்புக்கு முடியாவிட்டால் அழைத்துப்போக ஆள் என்று இருந்திருப்பார்கள். உங்கள் வீட்டுக்கு வந்த அன்று அந்த வேலை அத்தனையும் உங்கள் ஒருத்தி தலையில் இறங்கியது. காலையில் எஸ்டேட் மணிக்கு ஓட வேண்டிய ஒருத்தி தலையில். கையெழுத்து வாங்கும்போது இதை யாரும் உங்களிடம் சொல்லியிருக்க மாட்டார்கள்.

குடும்பத்துக்குத் திரும்பிய பிள்ளைக்கு முதல் ஆறு மாதம்தான் மிகவும் சிக்கலானது. அந்த ஆறு மாதத்தில்தான் எங்கள் அலுவலகங்களின் கண் அந்த வீட்டின் மேல் மிகக் குறைவாக இருக்கிறது. கோப்பில் "குடும்பத்தில் ஒப்படைக்கப்பட்டது" என்று எழுதியதும் மேசையில் அடுத்த கோப்பு வந்துவிடுகிறது. இது ஒரு மாவட்டத்தின் கதை இல்லை, பல இடங்களில் பார்த்தது.

கொஞ்சம் பழைய கதை சொல்கிறேன். 1992-ல் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கியது நம் சேலம் மாவட்டத்தில்தான். பெண் சிசுவைக் கொன்றுவிடாமல் அரசுத் தொட்டிலில் விட்டுப் போங்கள், நாங்கள் வளர்க்கிறோம் என்றார்கள். அதனால் பிழைத்த உயிர்கள் உண்டு, அதை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் பிள்ளை வீட்டை விட்டு வெளியே வந்தால்தான் அரசின் கை நீளும் என்ற ஒரு பழக்கமும் அந்தக் காலத்திலிருந்தே நமக்குள் ஊறிவிட்டது. அந்தத் தாய்க்கு வீட்டிலேயே என்ன தேவைப்பட்டது என்று கேட்கும் பழக்கம் பின்னால்தான் வந்தது, அதுவும் அரைகுறையாக. உங்கள் வீட்டு வாசலில் இன்று நடப்பது அந்த அரைகுறைதான்.

பணத்துக்கு வருகிறேன். உங்களுக்குச் சொன்னது நிதி ஆதரவுத் திட்டமாக இருக்க வேண்டும். மிஷன் வாத்சல்யா என்ற குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்தின் கீழ் ஒரு பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய். பெற்றோர் இல்லாமல் சொந்தக்காரர் வீட்டில் வளரும் பிள்ளைகள், கணவனை இழந்த அல்லது கைவிடப்பட்ட தாயின் பிள்ளைகள், பெற்றோர் தீராத நோயில் விழுந்த பிள்ளைகள், சட்டத்தின்படி பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் பிள்ளைகள் இதற்குத் தகுதியானவர்கள். மாவட்ட ஆட்சியர் தலைமையிலான ஒப்புதல் குழு முடிவு செய்யும். மத்திய அரசு 60 பங்கு, மாநில அரசு 40 பங்கு போடும் திட்டம் இது. மேலே ஒரு தவணை தாமதமானால் அந்தத் தாமதம் மலை மேல் இருக்கும் கடைசி வீடு வரை வந்து சேரும். பள்ளி வருகை சீராக இல்லை என்றாலும் நிறுத்துவார்கள். சில நேரம் காரணம் அதைவிடச் சின்னதாக இருக்கும்: வங்கிக் கணக்கு செயலற்றுப் போயிருக்கும், ஆதார் இணைந்திருக்காது. அதனால் "ஏன் வரவில்லை" என்று பொதுவாகக் கேட்காதீர்கள். "எந்த மாதம் வரை ஒப்புதல் இருக்கிறது, எந்த மாதம் வரை கணக்கில் போட்டிருக்கிறீர்கள், நின்றதற்குக் காரணம் என்ன" என்று மூன்றாகப் பிரித்து எழுத்தில் கேளுங்கள். எழுதத் தெரியாவிட்டால் அந்தப் பெண்ணையே எழுதச் சொல்லுங்கள். பதினாறு வயதுப் பெண், அவள் பெயரில் வரும் பணம்.

இதில் எனக்கு ஒப்பாத விஷயம் ஒன்று உண்டு. குடும்ப ஆண்டு வருமானம் கிராமப்புறத்தில் 72,000, மற்ற இடங்களில் 96,000 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது என்பது விதி. மாதத்துக்கு 6,000 ரூபாய். கணவனும் மனைவியும் கூலிக்குப் போகிற வீடு இந்தக் கோட்டுக்குள் நிற்பதே கஷ்டம். சொந்தப் பிள்ளைக்காகச் சம்பாதிக்கிற தாய்மாமனின் கூலியை, அடுத்தவர் பிள்ளையை ஏற்றுக்கொண்டதற்காகத் தராசில் வைத்து நிறுப்பது என்ன நியாயம்? சொந்தக்காரர் வீட்டில் வளரும் பிள்ளைக்கு, பிள்ளையின் நிலையைப் பார்த்துக் கொடுக்க வேண்டும், மாமனின் சம்பளத்தைப் பார்த்து அல்ல. விதி மாற வேண்டும் என்பது என் கருத்து. அது மாறும் வரை உங்கள் வருமானச் சான்றைச் சரியாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

2025 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு அன்புக் கரங்கள் திட்டத்தைத் தொடங்கியது. பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைகளுக்கும், ஒருவர் இறந்து மற்றவர் கைவிட்டுப் போன பிள்ளைகளுக்கும் மாதம் 2,000 ரூபாய், பள்ளிப் படிப்பு முடியும் வரை. தாய் இறந்து தகப்பன் விட்டுப் போன உங்கள் வீட்டுப் பிள்ளைகளின் நிலை இதில் சொல்லப்பட்டதுதான். உங்களுக்கு எந்தத் திட்டத்தில் பெயர் ஏறியிருக்கிறது என்பதையும் அதே மனுவில் கேட்டுக்கொள்ளுங்கள். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் நிறுவனம் சாராப் பராமரிப்புக்கென்று, அதாவது இல்லத்துக்கு வெளியே வளரும் பிள்ளைகளுக்கென்று, ஒரு பாதுகாப்பு அலுவலர் உண்டு. மனுவை அவர் பார்வைக்கு என்று எழுதுங்கள். கீழே போவதாக இருந்தால் திங்கட்கிழமை போங்கள், ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர்க்கும் நாள். மனுவுக்கு ஒப்புகைச் சீட்டு வாங்காமல் பஸ் ஏறாதீர்கள்.

மற்ற பேப்பர்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ரேஷன் கார்டில் இரண்டு பேர் பெயரும் ஏறிவிட்டதா பாருங்கள். ஒப்படைத்தபோது குழந்தைகள் நலக் குழு கொடுத்த உத்தரவின் நகல் உங்கள் கையில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கேட்டு வாங்குங்கள். பழங்குடியினர் சான்றைக் கோட்டாட்சியர்தான் தருவார். தகப்பனின் சான்று கையில் இல்லாததால் இழுத்தடிக்கலாம், குழுவின் உத்தரவையும் தகப்பன் வழிப் பங்காளிகள் யாராவது ஒருவரின் சான்றையும் வைத்து இப்போதே தொடங்குங்கள். கல்லூரிச் சேர்க்கை நேரத்தில் தொடங்கினால் காலம் போதாது.

என் துறைக்காரர்களே, இந்தப் பட்டியலைப் பாருங்கள். கணக்கு, கார்டு, பள்ளி மாற்றம், ஒப்புதல் உத்தரவு. இதில் எது ஒரு எஸ்டேட் கூலிப் பெண்ணின் வேலை? எல்லாமே நம் வேலை. பிள்ளை இல்லத்தில் இருக்கும்போதே, அங்கே உட்கார்ந்தே முடித்திருக்கக் கூடிய வேலை. ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிநபர் பராமரிப்புத் திட்டம் எழுத வேண்டும் என்று விதி இருக்கிறது, எழுதுகிறோம். அதில் "வீட்டுக்குப் போகும் நாளில் கையில் என்னென்ன இருக்க வேண்டும்" என்று ஒரு பக்கம் சேர்த்து, அது நிரம்பாமல் ஒப்படைப்பு உத்தரவில் கையெழுத்துப் போடுவதில்லை என்று ஒரு குழு முடிவு செய்தால் போதும். யார் அனுமதியும் வேண்டாம், புதிய நிதியும் வேண்டாம்.

வீட்டுக்கு வந்து அப்படிக் கேட்டார்களே, அதற்கு உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் அந்தக் கேள்வியை வெறுக்காதீர்கள். சொந்தக்காரர் வீட்டில் அடிபடும் பிள்ளைகளும், படிப்பை நிறுத்திவிட்டு வீட்டு வேலைக்கு வைக்கப்படும் பிள்ளைகளும் இருக்கிறார்கள், அதனால் யாராவது கேட்டுத்தான் ஆக வேண்டும். தப்பு, கேட்ட இடத்தில். அடிக்கிற மாமன் எதிரில் நிற்கும்போது எந்தப் பிள்ளை "ஆமாம்" என்று சொல்லும்? அடிக்காத அத்தை எதிரில் நின்றால் அவள் மனசு நோகும். ஆக அந்தக் கேள்வியால் அந்த இடத்தில் யாருக்கும் பிரயோஜனம் இல்லை.

வருகிறவர் முதலில் உங்களிடம் உட்கார்ந்து, "நீங்க எப்படி இருக்கீங்க, தூங்குறீங்களா, செலவுக்கு எப்படிச் சமாளிக்கிறீங்க" என்று கேட்க வேண்டும். பிறகு பிள்ளைகளைத் தனித்தனியாக, வீட்டை விட்டுத் தள்ளி, ஒரு நடை நடந்தபடி பேச வேண்டும். மூன்றாவது, அடுத்த தடவையும் அதே ஆள் வர வேண்டும். வருகிற ஆள் மாறினால் பிள்ளை மறுபடி முதலிலிருந்து தன் கதையைச் சொல்ல வேண்டும், அது ஒரு தண்டனை. இதைச் சொல்லும்போது இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். இப்படி வீடு தேடி வரும் புறத்தொடர்புப் பணியாளர்களும் ஆற்றுப்படுத்துநர்களும் பெரும்பாலும் தொகுப்பூதியத்தில் இருப்பவர்கள். மேட்டூரிலிருந்து ஆத்தூர் வரை, நடுவில் இந்த மலையும் சேர்த்து, விரல் விட்டு எண்ணக்கூடிய பேர் பார்க்கிறார்கள். அவர்கள் அவசரத்துக்குக் காரணம் உண்டு. ஆனால் அவசரத்தில் வருவதைவிட வராமல் ஒரு போன் செய்து விசாரிப்பது மேல்.

குழந்தைகள் நலக் குழு மாதத்துக்குக் குறைந்தது 20 நாள் கூட வேண்டும் என்கிறது சட்டம். அதில் ஒரே ஒரு நாள் ஏற்காட்டில் உட்கார்ந்தால் என்ன? நாகலூரிலிருந்தும் வெள்ளக்கடையிலிருந்தும் மாரமங்கலத்திலிருந்தும் இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி வருகிற பெண்களுக்கு ஒரு நாள் கூலி மிஞ்சும். அதே நாளில், பிள்ளைகளை வளர்க்கிற அத்தை, சித்தி, பாட்டிகளை ஒன்றாக உட்கார வைத்துப் பேச விடலாம். எங்கள் ஆலோசனையைவிட, "என் வீட்டுலயும் இதேதான்" என்று பக்கத்து ஊர்க்காரி சொல்வது உங்களுக்கு அதிகம் உதவும். உறவே இல்லாத குடும்பங்களில் வளர்ப்புப் பராமரிப்பில் இருக்கும் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும். 2024-ல் திருத்திய வழிகாட்டுதலின்படி திருமணமாகாதவர்கள், தனியாக வாழ்பவர்கள்கூடப் பிள்ளையை ஏற்று வளர்க்கலாம். ஆள் பிடிக்கும் வழி அகலமாகியிருக்கிறது. வந்தவர்களைத் தாங்கும் ஏற்பாடும் அதே வேகத்தில் வளர வேண்டாமா?

இனி பையன்.

ஒளித்து வைப்பது திருட்டு இல்லை. மணி அடித்தால்தான் சாப்பாடு, நேரம் தப்பினால் இல்லை என்று வளர்ந்த பிள்ளை, அதற்கு முன்னால் அம்மா செத்த வீட்டில் பட்டினியும் கிடந்திருக்கும் பிள்ளை, அடுத்த வேளைக்குத் தானே வழி செய்துகொள்கிறான். அதட்டினால் இன்னும் ஆழமாக ஒளிப்பான். மூடி இறுக்கமான ஒரு டப்பாவை அவனுக்கென்று கொடுங்கள். பொரி, வறுகடலை, பிஸ்கட் என்று உங்களால் முடிந்ததைப் போட்டு, "இது உன்னோடது, எப்ப வேணா எடுத்துக்கோ, தீர்ந்தா சொல்லு" என்று சொல்லுங்கள். தீரும்போது திட்டாமல் நிரப்புங்கள். முதல் சில நாள் ஒரே மூச்சில் காலி செய்வான், பயப்படாதீர்கள். டப்பா நிரம்பும் என்று நம்பிக்கை வந்த பிறகு பாய்க்கு அடியில் எறும்பு வராது. உங்கள் பெண்ணுக்கும் அதே போல் ஒன்று வாங்கிவிடுங்கள், இல்லாவிட்டால் அங்கே வேறு ரகளை.

படுக்கை நனைவதற்கு முதலில் உடம்பைப் பார்க்க வேண்டும். ஏற்காடு அரசு மருத்துவமனையில் சிறுநீர்ப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். கிருமித் தொற்று, மலச்சிக்கல், அரிதாகச் சர்க்கரை நோய்கூடக் காரணமாக இருக்கலாம். உடம்பில் ஒன்றும் இல்லை என்றால் சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையின் மனநலப் பிரிவில் காட்டுங்கள். அதுவரை, படுக்கும் முன் சிறுநீர் கழிக்க வைப்பது, பாயின் மேல் ஒரு ரப்பர் ஷீட், காலையில் சத்தமில்லாமல் துணியை மாற்றுவது, இவ்வளவுதான். அக்கம்பக்கம் கேட்கும்படி சொல்லிவிடாதீர்கள். அவன் வேண்டுமென்று செய்வதில்லை.

பெண் விஷயத்தில் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும்.

அம்மா இறந்தபோது அவளுக்குப் பன்னிரண்டு வயது. தகப்பனும் போன பிறகு, இல்லத்தில் சேரும் வரை, அந்தத் தம்பிக்கு யார் சோறு போட்டார்கள், யார் தூங்க வைத்தார்கள் என்று நினைத்துப் பாருங்கள். பிறகு ஆண் பிள்ளைக்கு ஒரு இல்லம், பெண் பிள்ளைக்கு ஒரு இல்லம் என்று பிரித்தார்கள். நம் மாநிலத்தில் இப்படித்தான் நடக்கிறது, கட்டடத்துக்கு ஏற்றபடி பிள்ளைகளைப் பிரிப்பது. வாரத்துக்கு ஒரு போன், மாதத்துக்கு ஒரு சந்திப்பு என்று எழுதிவைத்து நடத்தினால்கூடப் போதும், அதையும் பல நேரம் யாரும் செய்வதில்லை. உங்கள் வீட்டில் மறுபடி சேர்ந்தபோது அவளுக்குத் தம்பியும் தெரியாத பையனாகிவிட்டான், அவன் பொறுப்பும் உங்கள் கைக்கு வந்துவிட்டது. அவள் எங்கே நிற்பாள்? பேசாமல் இருக்கிறாள். சின்னச் சின்னதாகக் கேளுங்கள்: "அவனுக்குச் சின்னப் பிள்ளையில என்ன பிடிக்கும்? ராத்திரி பயந்தா உங்கம்மா என்ன செய்வாங்க?" தம்பியைப் பற்றித் தெரிந்தவள் அவள்தான் என்று நீங்கள் ஒப்புக்கொண்டதாக அவளுக்குப் படும்.

போனைப் பிடுங்காதீர்கள். அதில் இல்லத்துத் தோழிகள் இருக்கலாம், அவளோடு மூன்று வருடம் ஒரே அறையில் படுத்தவர்கள் அவர்கள்தானே. தகப்பனைத் தேடிக்கொண்டும் இருக்கலாம். இது என் ஊகம்தான், ஆனால் இந்த வயதுப் பிள்ளைகள் பலர் அப்படித் தேடுவார்கள். "உங்கப்பா நம்பர் கிடைச்சா என்கிட்ட சொல்லு, நான் திட்ட மாட்டேன்" என்று ஒரு தடவை சொல்லிவையுங்கள். தெரியாதவர்கள் பழக்கம், பணம் கேட்பது, போட்டோ கேட்பது பற்றியும் பேசத்தான் வேண்டும். ஆனால் அதையே முதல் பேச்சாக எடுக்காதீர்கள்.

உங்களிடம் அனுப்பும் முன் அவளிடம் யாராவது "உனக்குப் போக இஷ்டமா" என்று கேட்டார்களா? கேட்டிருக்க வேண்டும். பிள்ளையின் கருத்தைக் கேட்காமல் முடிவெடுக்கக் கூடாது என்பதும் அதே 3-ஆம் பிரிவில் இருக்கிறது. கேட்டால், "அங்கே போனால் பிளஸ் டூ வரை படிக்க விடுவாங்களா" என்று அவள் திருப்பிக் கேட்டிருப்பாள். பதினாறு வயதுக்காரிக்குச் சோறும் பாயும் மட்டும் கவலை இல்லை.

கட்டிக்கொடுக்கும் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். 18 வயது முடியாத பெண்ணுக்குத் திருமணம் செய்வது 2006-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். நடத்தி வைப்பவர், முன்னின்று ஏற்பாடு செய்பவர் எல்லோரும் மாட்டுவார்கள், தாய்மாமன் முதல் ஆளாக. பாரம் குறையும் என்று சொல்லும் சொந்தக்காரர்களிடம் இதைச் சொல்லுங்கள். கேட்காவிட்டால் குழந்தைகள் உதவி எண் 1098-க்கு நீங்களே போன் செய்யலாம், பெயர் சொல்ல வேண்டியதில்லை. சட்டத்தை விடுங்கள், கணக்கும் பாருங்கள். ஆறாவது முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்த பெண் கல்லூரியில் சேர்ந்தால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்குக்கே வருகிறது. இல்லத்தில் இருந்தபோது எந்தப் பள்ளியில் படித்தாள் என்ற சான்றுகளைப் பத்திரப்படுத்துங்கள்.

அவளுக்கு 18 ஆக இன்னும் இரண்டு வருடம்கூட இல்லை. இல்லத்திலிருந்து 18 வயதில் வெளியேறும் பிள்ளைகளுக்குப் பிற்காப்பு என்ற ஏற்பாடு சட்டத்தில் இருக்கிறது: 21 வயது வரை, தேவைப்பட்டால் 23 வரை, மாதம் 4,000 ரூபாயும் படிப்பு, தொழிற்பயிற்சி, தங்குமிட உதவியும். ஆனால் இதை எழுதியவர்கள் மனத்தில் இருந்தது இல்லத்தில் இருந்தபடியே 18-ஐத் தொடுகிற பிள்ளை. 15 வயதில் மாமன் வீட்டுக்குத் திரும்பிய பெண்ணை "நீதான் குடும்பத்துக்குப் போய்விட்டாயே" என்று ஒதுக்கிவிடும் வாய்ப்பு இருக்கிறது. அப்படிச் செய்தால் என்ன அர்த்தம்? இல்லத்திலேயே கிடந்தால் உதவி, குடும்பத்துக்குப் போனால் இல்லை. குடும்பமே நல்லது என்று சட்டம் சொல்வதற்கு நேர் எதிர் இது. இல்லத்தில் இருந்து வந்த இவளையும் பிற்காப்பில் சேர்க்க வேண்டும் என்று இப்போதே எழுதிக்கொடுங்கள், 18 வந்த பிறகு அல்ல. குழுவில் இருக்கும் நண்பர்கள் இதைத் தாராளமாகப் பொருள் கொள்ள வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அவர்களிடம் இன்னொன்றும் கேட்கிறேன். இல்லங்களில் வளர்ந்து இப்போது இருபத்திரண்டு, இருபத்தைந்து வயதில் இருக்கும் பிள்ளைகள் சேலத்திலேயே இருக்கிறார்கள், வெள்ளிப் பட்டறையில், தறிக் கூடத்தில், மருத்துவமனையில் வேலை பார்த்துக்கொண்டு. ஒப்படைப்பு பற்றிப் பேசும்போது அவர்களில் இரண்டு பேரைக் கூப்பிட்டு, பஸ் காசும் ஒரு நாள் சம்பளமும் கொடுத்து, எதிரில் உட்கார வைத்துக் கேளுங்கள். வீட்டுக்குப் போன முதல் ராத்திரி எப்படி இருந்தது, யார் வந்திருக்கலாம், எதைச் சொல்லாமல் அனுப்பினோம் என்று. பயிற்சி வகுப்புகளில் நாங்கள் ஸ்லைடு போட்டுப் பேசுவதைவிட அது பத்து மடங்கு உபயோகம்.

உங்கள் வீட்டுக்காரரைப் பற்றி நீங்கள் ஒரே வரிதான் எழுதியிருக்கிறீர்கள். "திருப்பி விட்டுடலாம்" என்று சொல்கிற மனிதர் பொல்லாதவர் என்று நான் நினைக்கவில்லை. செத்துப்போன தங்கச்சியின் முகம் தினமும் இரண்டு பிள்ளைகள் வடிவில் வீட்டுக்குள் நடமாடுகிறது. அவரும் அழ நேரமில்லாமல் வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறார். ஆற்றுப்படுத்துநர் பிள்ளைகளோடு மட்டும் பேசினால் போதாது, இவரோடும் பேச வேண்டும். மனுவில் அதையும் எழுதுங்கள். கீழே போக முடியாத நாட்களில் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணுக்கு இலவசமாகப் பேசலாம், தமிழிலேயே பேசுவார்கள். உங்களுக்கே தூக்கம் இல்லாத இரவுகளிலும்.

காப்பிப் பறிப்பு நவம்பரில் தொடங்கினால் பிப்ரவரி வரை நீங்கள் இரண்டு பேரும் வீட்டில் இருக்க மாட்டீர்கள். அந்த மாதங்களில்தான் எல்லாம் கை மீறும். அதற்கு முன்பே ஊராட்சி அலுவலகத்தில் போய்க் கேளுங்கள். அங்கே கிராம அளவிலான குழந்தைகள் பாதுகாப்புக் குழு என்று ஒன்று இருக்க வேண்டும், காகிதத்திலாவது இருக்கும். அங்கன்வாடி ஊழியரும் தலைமை ஆசிரியரும் அதில் உண்டு. பள்ளி விட்டு நீங்கள் திரும்பும் வரை பிள்ளைகள் எங்கே இருப்பார்கள் என்பதை மட்டும் அவர்களோடு பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். பையனை உண்டு உறைவிடப் பள்ளியில் சேர்க்கச் சொல்லி யாராவது யோசனை சொல்வார்கள். மலையில் அது புதிதல்ல, பல பிள்ளைகள் அப்படித்தான் படிக்கிறார்கள். ஆனால் இந்த வருடம் வேண்டாம். அந்த டப்பா நிரம்பும் என்று அவனுக்கு முதலில் நம்பிக்கை வரட்டும்.

இத்தனையும் கேட்டு, எழுதி, மூன்று மாதம் பார்த்த பிறகும் முடியவில்லை என்றால் குழந்தைகள் நலக் குழுவிடம் நேரில் போய்ச் சொல்லுங்கள். இல்லத்து வாசலில் கொண்டுபோய் விடாதீர்கள், குழுவின் முன்னால் இரண்டு பிள்ளைகளையும் வைத்துச் சொல்லுங்கள். அக்காவையும் தம்பியையும் மறுபடி பிரிக்காதபடி ஏற்பாடு கேளுங்கள். விடுமுறைக்கு, சேர்வராயன் கோவில் திருவிழாவுக்கு உங்கள் வீட்டுக்கு வந்து போகும் அனுமதியையும் அந்த உத்தரவிலேயே எழுதி வாங்குங்கள்.

முதலில் மனு. இந்தத் திங்கட்கிழமையே போங்கள், வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு.